எத்தனை பேர் என்று மட்டும் சொல்லாதீர்கள், எத்தனை பேரில் என்றும் சொல்லுங்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வாசிக்க நேரமில்லாதவர்கள் தயவுசெய்து பகிரவும் வேண்டாம். வாசிக்காமல் பகிர்ந்ததால் நம்ம ஊருக்கு வந்த வினையைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

போன மழைக்காலத்தில் நம்ம வட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றியது ஞாபகம் இருக்கும். "டெங்கில் முதலிடம் எந்த ஊர்?" என்று தலைப்பு. கீழே ஏழு சலாகைகள். ஆறு நீலம், ஒன்று சிவப்பு. அந்தச் சிவப்பு நம்ம ஊர். பக்கத்து ஊர்ச் சலாகைகள் கத்தரிக்கன்று மாதிரி நிற்க, நம்முடையது தென்னைமரம் மாதிரி நின்றது. படத்தை யார் செய்தது, எந்த வாரத்துக்குரியது, எண்களை எங்கே எடுத்தது, எதுவும் இல்லை. காலையில் வந்த படம் லுஹருக்குள் எல்லோருடைய போனிலும் இருந்தது. நம்ம ஆட்களே நம்ம ஊர்ப் படத்தை ஊர் ஊராக அனுப்பினோம். அதுதான் இன்னும் வெட்கம்.

பிறகு நடந்ததும் தெரியும். விளையாட்டுப் போட்டிக்குப் போன நம்ம பிள்ளைகளைப் பார்த்து "டெங்கு ஊர்" என்று கத்தினார்கள். கல்யாண வீட்டுக்கு வர இருந்தவர்கள் வரவில்லை. ஊருக்குள் கோபம் எல்லாம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மீது திரும்பியது. "அவர்தான் கணக்கைக் கூட்டிக் கொடுக்கிறார்" என்றார்கள். அதன்பின் ஒரு பேச்சு மெதுவாகக் கிளம்பியது: "காய்ச்சல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்க. பெயர் பதிவாகும். ஊர்ப் பெயர் இன்னும் கெடும்."

அந்தப் பேச்சைக் கேட்டு நடந்தவர்களில் எங்கள் மாணவி ஒருவரின் உம்மாவும் ஒருவர். பிள்ளைக்கு நான்கு நாள் காய்ச்சல். பெனடோல் கொடுத்து வீட்டிலேயே வைத்திருந்தார். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் சுகமாகிவிட்டது என்று நினைத்தார். டெங்கில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் தொடங்குவது. அன்று இரவு பிள்ளையின் கைகால் குளிர்ந்து, எழும்ப முடியாமல் போனபின்தான் வாகனம் தேடினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தப்பியது. இன்று வகுப்பில் இருக்கிறது. ஆனால் அந்த உம்மா எங்களிடம் சொன்ன வார்த்தை மறக்கவில்லை: "சேர், ஊருக்கு இன்னொரு கணக்கு ஏறக்கூடாதென்றுதான் பார்த்தேன்."

ஒரு பிழையான படம் ஒரு பிள்ளையை அந்த இடத்துக்குக் கொண்டுபோனது. அதனால்தான் எழுதுகிறோம். பிழையான வரைபைச் செய்து பரப்பியவர்களுக்கு எதிராகவும் எழுதுகிறோம். அதற்கு மருந்து எண்ணை மறைப்பது என்று சொல்பவர்களுக்கு எதிராகவும் எழுதுகிறோம். இரண்டாவது கூட்டம் நம்ம ஆட்கள் என்பதற்காக அவர்களை விட்டுவிட முடியாது.

முதலில், இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பரிசோதகர் தன் வீட்டில் இருந்து கூட்டிக் கழிப்பதில்லை. டெங்கு என்று வைத்தியர் சந்தேகித்ததும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எச் 544 என்பார்கள். அது சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு வரும். பரிசோதகர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். வாரம் முடிய அலுவலகத்தில் இருந்து எச் 399 என்ற வாராந்த அறிக்கை தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். தொற்றுநோய்களை அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் இந்த நாட்டில் 1897இல் இருந்து இருக்கிறது. ஆக பரிசோதகர் நம்ம வீட்டுக்கு வருவது நம்மைக் காட்டிக்கொடுக்க அல்ல. நம்ம கிணற்றடியில், கூரைப் பீலியில், பின்வளவில் கிடக்கும் சிரட்டையில் நுளம்பு முட்டையிடுகிறதா, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் காய்ச்சலா என்று பார்க்கத்தான்.

இந்த எண்கள் இரகசியமும் இல்லை. தொற்றுநோயியல் பிரிவு ஒவ்வொரு வாரமும் ஓர் அறிக்கையை இணையத்தில் போடுகிறது. அதில் ஒரு பெரிய அட்டவணை இருக்கும். டெங்கு, வயிற்றுளைவு, எலிக்காய்ச்சல், நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி என்று நோய்கள் மேலே வரிசையாக, பிரதேசங்கள் பக்கத்தில் வரிசையாக. யாரும் எடுக்கலாம். யாரும் வரைபு கீறலாம். சிக்கலும் அங்கேதான். எடுக்கத் தெரிந்தவர் எல்லோருக்கும் வாசிக்கத் தெரிவதில்லை.

அந்தச் சிவப்புச் சலாகைப் படத்தை எங்கள் பாடசாலையில் நான்கு ஆசிரியர்கள் இருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். அதிபரின் கடிதத்தோடு அலுவலகத்துக்குப் போய், பெயர் விலாசம் இல்லாமல் வாராந்த மொத்தங்களை மட்டும் கேட்டு வாங்கி ஒப்பிட்டோம். உண்மையான எண்களை இங்கே எழுத மாட்டோம். பக்கத்து ஊரைக் குத்திக்காட்ட இந்தப் பதிவு இல்லை. கணக்கு விளங்குவதற்காக வேறு எண்களைப் பேச்சுக்கு எடுக்கிறோம்.

முதல் பிழை: கூட்டுத்தொகையை வாரக் கணக்காகக் காட்டியது. வாராந்த அறிக்கையில் ஒவ்வொரு நோயின் கீழும் ஏ, பி என்று இரண்டு நிரல்கள் உண்டு. ஏ என்பது அந்த வாரம் அறிவிக்கப்பட்டவர்கள். பி என்பது அந்த வருடம் தொடங்கியதில் இருந்து சேர்ந்த மொத்தம். பி நிரலை எடுத்துக் கோடு கீறினால் அந்தக் கோடு ஒரு நாளும் இறங்காது. கடையில் வருடம் முழுக்க விற்ற பணத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு "இன்றைய வியாபாரம்" என்று சொல்வது போன்றது அது. அந்தப் படத்தில் நம்ம ஊருக்கு வருடத்தின் மொத்தத்தையும் மற்ற இரண்டு ஊர்களுக்கு ஒரு மாதக் கணக்கையும் போட்டிருந்தார்கள். வேண்டுமென்று செய்தார்களா, விளங்காமல் செய்தார்களா, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். விளைவு ஒன்றுதான்.

இரண்டாவது பிழை: அச்சை வெட்டியது. ஒரு ஊரில் 48 பேர், இன்னொரு ஊரில் 42 பேர் என்று வைப்போம். நிலைக்குத்து அச்சு பூச்சியத்தில் தொடங்கினால் இரண்டு சலாகைகளும் ஏறக்குறைய ஒரே உயரம். அச்சை 40இல் தொடங்கினால் ஒன்று 8 அலகு, மற்றது 2 அலகு. நான்கு மடங்கு! எண்ணைத் தொடாமலே பொய் சொல்லலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. சில நேரம் மனிதர் வெட்டத் தேவையுமில்லை. எண்கள் எல்லாம் கிட்டக்கிட்ட இருந்தால் எக்ஸெல் தானாகவே அச்சைப் பூச்சியத்துக்கு மேலே தொடங்கிவிடும். நாம்தான் அச்சின் அமைப்பைத் திறந்து பூச்சியத்தைப் போட வேண்டும். சலாகை வரைபில் கண் பார்ப்பது நீளத்தை. நீளம் பொய் என்றால் படமே பொய்.

மூன்றாவது பிழைதான் பெரிய பிழை. ஊருக்கு ஊர் சனத்தொகையைப் பார்க்காதது.

பெரிய ஊரில் 60,000 பேர், அதில் 48 நோயாளர். சின்ன ஊரில் 12,000 பேர், அதில் 18 நோயாளர். எண்ணிக்கையை மட்டும் கீறினால் பெரிய ஊர் குற்றவாளி. இப்போது ஒரு இலட்சம் பேருக்கு எத்தனை என்று பாருங்கள். 48ஐ 60,000ஆல் வகுத்து ஒரு இலட்சத்தால் பெருக்கினால் 80. 18ஐ 12,000ஆல் வகுத்து ஒரு இலட்சத்தால் பெருக்கினால் 150. சின்ன ஊரில்தான் நோய் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த சின்ன ஊர் ஆட்கள் என்ன செய்தார்கள்? வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டியவர்கள் பெரிய ஊரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிழையான வரைபு பழி விழுந்த ஊருக்கு மட்டும் கெடுதி செய்யவில்லை. தப்பித்தோம் என்று நினைத்த ஊருக்கும் செய்தது.

இது நம்ம பக்கத்துக்கு இன்னும் முக்கியம். இலங்கையில் 25 மாவட்டம். ஆனால் வாராந்த அறிக்கையில் 26 வரிசை இருக்கும். ஏனென்றால் அம்பாறை மாவட்டம் சுகாதாரத்தில் அம்பாறை, கல்முனை என்று இரண்டு பிராந்தியம். கரையோரத்து ஊர்கள் எல்லாம் கல்முனை வரிசையில் வரும். இது தெரியாமல் ஒருவர் அம்பாறை வரிசையை மட்டும் எடுத்து "அம்பாறை மாவட்டத்தில் டெங்கு குறைவு" என்று படம் போடுவார். இன்னொருவர் கல்முனை நோயாளர் எண்ணை எடுத்து முழு மாவட்டத்தின் சனத்தொகையால் வகுப்பார். 2012 குடிசன மதிப்பில் மாவட்டம் முழுக்க ஏறக்குறைய ஆறரை இலட்சம் பேர். மேலே கல்முனை, கீழே முழு அம்பாறை. தொகுதி ஒரு இடம், பகுதி ஒரு இடம். தரம் 6 பிள்ளைக்கும் தெரியும் அது கணக்கு இல்லை என்று.

நான்காவது பிழை: காலத்தைப் பார்க்காதது. நமக்கு மழை வடகீழ் பருவக்காற்றோடு. நவம்பர், டிசம்பர், ஜனவரி. நுளம்பும் அதோடுதான். மேல் மாகாணத்துக்கு ஜூன், ஜூலையில் ஒரு பெரிய ஏற்றம் வரும். ஜனவரியில் நம்மையும், அந்த ஜூலை ஏற்றம் இல்லாத கொழும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "கிழக்கைப் பாருங்கள்" என்றால், நோன்பு காலத்தில் நம்ம ஹோட்டல்களைப் பகலில் எட்டிப் பார்த்து வியாபாரம் படுத்துவிட்டது என்று எழுதுவது போலத்தான். நம்ம ஊரின் இந்த ஜனவரியை நம்ம ஊரின் போன ஜனவரிகளோடு ஒப்பிட வேண்டும்.

சரி. இவ்வளவும் படம் செய்தவர்களுக்கு. இனி நம்ம ஆட்களுக்கு.

"கணக்கே வெளியில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று நமக்குள்ளே சிலர் சொன்னார்கள். படித்தவர்களும் சொன்னார்கள். அலுவலகத்துக்குப் போய் ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்க ஒரு குழுவும் தயாரானது. அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். 2020 ஏப்ரலில் கொவிட்டில் மௌத்தானவர்களை எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கவும் எரிக்கவும் இரண்டுக்கும் இடம் கொடுத்திருந்தது. நிலத்தடி நீர் கெடும் என்று இங்கே சொன்னார்கள். நாம் என்ன கேட்டோம்? தரவைக் காட்டுங்கள் என்று கேட்டோம். பிறந்து 20 நாளான பிள்ளையையும் எரித்தபோது, வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு நின்று அதையே கேட்டோம். 2021 பெப்ரவரியில்தான் அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரித்தவர்கள் எரிந்தவர்கள்தான்.

அன்று தரவைக் காட்டு என்று கேட்ட நாம், இன்று நம்ம தரவை மறை என்று சொல்வதா? எண் இல்லாத இடத்தில் யாருடைய சொல் எடுபடும் என்பதை நம்மை விடக் கண்டவர்கள் யார்? எண் இல்லாவிட்டால் வதந்திதான் மிஞ்சும். வதந்தியில் நாம் ஒரு நாளும் வென்றதில்லை.

பிழையான வரைபுக்கு மருந்து சரியான வரைபு. அதைச் செய்ய நம்ம பிள்ளைகளுக்கு முடியும். நாங்கள் செய்து பார்த்தோம்.

தரம் 11 கணிதத்தில் பிள்ளைகளுக்கு வலையுரு வரையமும் மீடிறன் பல்கோணியும் படிப்பிக்கிறோம். இடை, இடையம், ஆகாரம் எல்லாம் தெரியும். ஆனால் என்ன கீறுகிறார்கள்? 40 மாணவர் பெற்ற புள்ளிகள். ஒரு தோட்டத்துத் தேங்காய்களின் நிறை. பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அதே பிள்ளைகளிடம் "இது நம்ம ஊர்க் காய்ச்சல்" என்று எண்களைக் கொடுத்தோம். பாடசாலை விட்டபின், கணினி அறையில், ஆறு பின்னேரங்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை.

மென்பொருளுக்குக் காசு வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டாம். எக்ஸெல் இல்லாவிட்டால் லிப்ரே ஒபிஸ் இலவசம். நாங்கள் எடுத்தது 'ஆர்' என்ற மென்பொருள். அதுவும் இலவசம். நியூசிலாந்தில் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகா, ரொபர்ட் ஜென்டில்மன் என்ற இரண்டு பேர் 1990களில், தங்கள் மாணவர்களுக்குப் படிப்பிக்கத் தொடங்கிய வேலை அது. இன்று உலகம் முழுக்க நோய்க் கணக்குப் பார்ப்பவர்கள் அதைத்தான் திறக்கிறார்கள். வகுப்பறையில் பிறந்த சாமான் நம்ம வகுப்பறைக்கு ஏன் ஆகாது?

பிள்ளைகள் விட்ட பிழைகளில்தான் எங்களுக்கே பாதி விளங்கியது. முதல் நாள் மாத வாரியாக வரைபு வந்தது. ஏப்ரலுக்குப் பக்கத்தில் ஆகஸ்ட், அடுத்து டிசம்பர், அடுத்து பெப்ரவரி. ஆங்கில அகர வரிசையில் அடுக்கிவிட்டது. மழைக்காலம் நடு வருடத்தில் வந்து நின்றது. மென்பொருளுக்கு மாதம் தெரியாது, எழுத்துத்தான் தெரியும் என்று ஒரு மாணவன் கண்டுபிடித்தான். வரிசையை நாங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்தது வாரம். பிள்ளைகள் திங்கள் தொடங்கி எண்ணினார்கள். வாராந்த அறிக்கையில் வாரம் சனியில் தொடங்கி வெள்ளியில் முடியும். அதைத் திருத்தும்வரை எங்கள் கோடும் அவர்கள் எண்ணும் பொருந்தவே இல்லை.

அதைவிடப் பெரியது வெற்றுக் கட்டம். ஒரு வாரத்துக்கு எண் கிடைக்கவில்லை. ஒரு மாணவி அதில் 0 போட்டார். கோடு அந்த வாரம் தரைக்கு இறங்கியது. "நோயாளர் இல்லாத வாரமும் அறிக்கை வராத வாரமும் ஒன்றா?" என்று கேட்டோம். அறையே அமைதி. கட்டத்தை வெறுமையாக விட்டால் கோடு அந்த இடத்தில் அறுந்து நிற்கும். அறுந்து நிற்பதுதான் நேர்மை. கடைசி வாரத்தில் கோடு கொஞ்சம் சரிந்ததைப் பார்த்து "டெங்கு குறைந்துவிட்டது" என்று ஒருவர் எழுதப் பார்த்தார். படிவம் வந்து சேரப் பிந்தினால் கடைசி வாரம் எப்போதும் குறைவாகத்தான் தெரியும் என்று அலுவலகத்தில் சொல்லித் தந்தார்கள். இப்போது கடைசி இரண்டு வாரங்களைப் புள்ளிக் கோட்டால் கீறுகிறோம்.

ஆர் மென்பொருளில் ஜீஜீபிளாட் என்ற பொதியால் கீறினால் சலாகை பூச்சியத்தில்தான் தொடங்கும். கோட்டு வரைபு அப்படி இல்லை, நாம்தான் பார்க்க வேண்டும். தமிழில் தலைப்புப் போட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறியது. 'ராக்' என்ற பொதியைப் போட்டபின் சரியானது. நிறத்திலும் ஒரு பாடம். சிவப்பும் பச்சையும் போட்டுப் போட்டோகொப்பி எடுத்தால் இரண்டும் ஒரே சாம்பல். பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்போவது போட்டோகொப்பி. ஆகவே ஒன்றைத் தடித்த கோடாகவும் மற்றதை மெல்லிய கோடாகவும் மாற்றினோம்.

இனி இந்தப் பதிவின் நடுப்புள்ளி. வழமை என்றால் எது? இந்த வாரம் கூடவா குறைவா என்று சொல்ல, எதோடு ஒப்பிடுவது? பிள்ளைகள் எல்லோரும் "கடந்த ஐந்து வருட சராசரி" என்றார்கள். அவர்களுக்கு நாட்டின் டெங்கு எண்களைக் கொடுத்தோம். 2015இல் 29,777. 2016இல் 55,150. 2017இல் 186,101. 2018இல் 51,659. 2019இல் 105,049. கூட்டி ஐந்தால் வகுத்தால் இடை ஏறக்குறைய 85,500. வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால் இடையம் 55,150.

இப்போது 80,000 பேருக்கு டெங்கு வந்த ஒரு வருடத்தை யோசியுங்கள். இடையோடு ஒப்பிட்டால் "சராசரியை விடக் குறைவு, பயமில்லை". இடையத்தோடு ஒப்பிட்டால் வழமையை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 2017 என்ற ஒரு கொடிய வருடம் சராசரியைத் தூக்கிப் பிடித்து மற்ற வருடங்களின் ஆபத்தை மறைக்கிறது. ஓ/எல் வினாத்தாளில் ஒன்றிரண்டு புள்ளிக்காகப் படித்த இடையம் என்னத்துக்கு என்று அன்றுதான் பிள்ளைகளுக்கு விளங்கியது. உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் அன்றுதான் முழுதாக விளங்கியது. கலாசாலையில் வரைவிலக்கணம் பாடமாக்கினோம், வகுப்பிலும் அதையே பாடமாக்கக் கொடுத்தோம்.

அந்த முறையில் நம்ம ஊருக்குக் கீறினோம். ஐந்து வருட இடையம் மெல்லிய கோடு, இந்த வருடம் தடித்த கோடு. சிவப்புச் சலாகைப் படம் சுற்றிய வாரத்தில் நம்ம ஊர் வழமையை விட மோசமாக இல்லை. ஆனால் அதற்கு மூன்று வாரம் கழித்து, படத்தை எல்லோரும் மறந்தபின், காய்ச்சலை மறைக்கச் சொன்ன பேச்சு மட்டும் மிஞ்சியிருந்த நேரத்தில், தடித்த கோடு மெல்லிய கோட்டைத் தாண்டியிருந்தது. பயப்படத் தேவையில்லாத வாரத்தில் சண்டை பிடித்தோம். பயப்பட வேண்டிய வாரத்தில் நித்திரை கொண்டோம். அந்த மாணவி படுத்த படுக்கையானது அந்த இரண்டாவது காலத்தில்.

"இதெல்லாம் ஆசிரியர் வேலையா? பிள்ளைகளுக்கு ரிசல்ட் எடுக்கப் படிப்பியுங்கள்" என்று ஒரு பெற்றார் கேட்டார். மரியாதையோடு சொல்கிறோம்: வரைபு கீறத் தெரிந்து வாசிக்கத் தெரியாத பிள்ளை ஏ எடுத்தென்ன? நாளைக்கு அந்தப் பிள்ளையும் சிவப்புச் சலாகையைப் பார்த்துவிட்டுப் பகிரும். "பொம்பிளைப் பிள்ளைகளைப் பின்னேரம் கணினி அறையில் வைத்திருப்பதா" என்று கேட்டவர்களுக்கும் பதில் உண்டு. உம்மாமார் இரண்டு பேர் ஒவ்வொரு நாளும் கூட வந்து இருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் நாட்காட்டியைப் பார்த்து, "இந்த வாரம் ஏறியது, அதற்கு முதல் வாரங்களில் மழை விட்டு விட்டுப் பெய்தது, பீலியைத் துப்புரவாக்க ஆள் வரவில்லை" என்று சொன்னது. எந்த மென்பொருளும் அதைச் சொல்லவில்லை.

நாங்கள் கீறிய வரைபுதான் முடிந்த முடிவு என்றும் சொல்ல வரவில்லை. ஒரு இலட்சத்துக்கு எத்தனை என்ற வீதமும் சின்ன இடங்களில் ஏமாற்றும். 2,000 பேர் உள்ள ஒரு கிராம சேவகர் பிரிவில் 2 பேருக்கு வந்தால் வீதம் 100. இன்னும் ஒருவருக்கு வந்தால் 150. ஒரு ஆளுக்கு ஐம்பது கூடுகிறது. அதை வைத்து "பிரிவில் வெடிப்பு" என்று எழுதக்கூடாது. தெரு வாரியாகவும் கீறக்கூடாது. ஒரு தெருவில் ஒருவருக்கு என்றால் அது யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். நோயாளியின் மானமும் அமானிதம்தான். ஆகவே முழு ஊருக்கு மட்டும் கீறினோம், நான்கு வாரத்தைச் சேர்த்து.

எங்கள் கேட்பு பெரியதல்ல.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிடம்: அறிவித்தல் பலகையில் ஒரு தாள் அளவு இடம் தாருங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு வரைபு ஒட்டுகிறோம். தடித்த கோடு மெல்லிய கோட்டைத் தாண்டிய வாரத்தில் ஜும்ஆவுக்குப் பின் ஒரே ஒரு வசனம் சொல்லுங்கள்: பீலியையும் வாளியையும் பாருங்கள், மூன்று நாள் காய்ச்சல் என்றால் இரத்தம் பரிசோதியுங்கள், வைத்தியர் சொல்லாமல் வேறு நோவு மாத்திரை கொடுக்காதீர்கள்.

மற்றப் பாடசாலை ஆசிரியர்களிடம்: எங்களிடம் உள்ள கோப்பைத் தருகிறோம். உங்கள் ஊர் எண்ணைப் போட்டுக் கீறுங்கள். எங்கள் கணக்கில் பிழை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். திருத்துவோம், திருத்தியதையும் ஒட்டுவோம்.

பேஸ்புக், வட்ஸ்அப்பில் இருக்கும் எல்லோரிடமும்: நோய்க் கணக்குப் படம் ஒன்று வந்தால் விரலை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். யார் செய்தது? எந்த வாரம்? வாரக் கணக்கா, வருட மொத்தமா? அச்சு பூச்சியத்தில் தொடங்குகிறதா? எத்தனை பேரில் எத்தனை பேர்? ஐந்துக்கும் படத்திலேயே பதில் இருந்தால் பகிருங்கள். ஒன்றுக்கு இல்லாவிட்டாலும், அனுப்பியவரிடம் திருப்பிக் கேளுங்கள். நம்ம ஊரைப் புகழும் படமாக இருந்தாலும் கேளுங்கள். அப்போதுதான் நாம் நியாயத்துக்காகக் கேட்கிறோம் என்று மற்றவர் நம்புவார்.

அந்தச் சிவப்புச் சலாகை மாதிரி ஒன்று அடுத்த மழைக்கும் வரும். செய்தவர் யாராகவும் இருக்கட்டும். அது வரும்போது நம்ம பலகையில் நம்ம வரைபு ஏற்கனவே ஒட்டியிருக்க வேண்டும். ஒரு உம்மா அதைப் பார்த்துவிட்டு, ஊர்ப் பெயரை யோசிக்காமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் நாளே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்ஷா அல்லாஹ்.

கோப்பு வேண்டுமானவர்கள் பாடசாலைக்கு வாருங்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு கணினி அறை திறந்திருக்கும்.